நுவரெலியா பூக்கண்காட்சிக்கு சிலைத்தோட்டம்: 20க்கு 15 அடி இடம், 14 சிலை, என்ன செய்யலாம்?

களுதாவளை பூக்கண்டு

வணக்கம் எல்லாருக்கும். நான் மட்டக்களப்பு களுதாவளையில சின்னதா ஒரு நேசரி வச்சிரிக்கன், செவ்வரத்தை, குரோட்டன், கொஞ்சம் ஓர்க்கிட், வீட்டு வளவுக்குள்ளதான். ரெண்டு வளவு தள்ளி ஒரு சிற்பி அண்ணா இரிக்கார், 20 வருசத்துக்கு மேல கோயில் வேலைதான், கோபுரத்தில நிக்கிற சுதைச் சிலையெல்லாம் செய்யிறவர். கோயில் வேலை இல்லாத நாளில தனக்கெண்டு மனிசர், மாடு, மீன் எண்டு செஞ்சு செஞ்சு கிணத்தடியில அடுக்கி வச்சிரிக்கார், அதப் பாத்தது அக்கம்பக்கத்து ஆக்களும் கோழியும்தான்.

போன சித்திரைக்கு நான் நுவரெலியாக்கு பூ பாக்கப் போனனான், விக்டோரியா பார்க்கில ஒரு மூலையில கடையில வாங்கின பிளாஸ்ரிக் மான் ரெண்ட நிப்பாட்டி சுத்திவர பெற்றூனியா வச்சிருந்தாங்க, அதுக்கே சனம் வரிசையில நிண்டு போட்டோ எடுக்குது. வந்த உடனே அண்ணாட்ட சொன்னன், நீங்க சிலை, நான் பூ, வாற வருசம் நாமளும் ஒரு துண்டு இடம் எடுப்பம் எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு பீடியப் பத்தவச்சார். இப்ப ஒரு தெரிஞ்ச ஆளால 20 அடிக்கு 15 அடி இடம் கிடைக்கும் போல இரிக்கி, பொங்கல் முடிஞ்ச கையோட அவரே வந்து சொல்றார் "14 சிலையும் போகணும் தங்கச்சி, ஒண்டையும் விட்டுட்டுப் போகக்குடா" எண்டு.

எனக்கு தலை சுத்துது. குடம் தூக்கின பொம்புள ஒண்டு (5 அடி, அதுதான் பெரிசு), வலை வீசுற ஆள், யானைக்குட்டி, முதலை, மீன் மட்டும் ஆறு, பாடுமீன் எண்டு மீன்வாலோட ஒரு கன்னி, கொக்கு ரெண்டு, கண்ணகி அம்மன் ஒண்டு. எல்லாம் சீமெந்து. சிலதில வெள்ளையா உப்புப் பூத்தமாதிரி படிஞ்சு இரிக்கி. நடுவுல சின்னக் குளம் ஒண்டு வச்சு அதுக்குள்ள அல்லி போடணுமெண்டு எனக்கு ஆசை. இஞ்ச இருந்து பூக்கண்டு கொண்டு போனா அங்கத்தக் குளிருக்கு நிக்குமா? இவ்வளவையும் என்னத்தில ஏத்துறது? மூண்டு மாசம்கூட இல்ல. இப்படி வேலை செஞ்ச ஆக்கள் இரிந்தா சொல்லுங்க, சும்மா "நல்வாழ்த்துக்கள்" எண்டு போடாம.

லண்டன்ல ஒரு கல்லடிக்காரி

தங்கச்சி, வாசிச்ச உடனே எழுதணும் போல வந்திட்டு. நான் இஞ்ச ஒரு தோட்டக் கொந்தராத்துக்காரரோட ரெண்டு வருசம் செல்சி பூக்கண்காட்சிக்கு வேலைக்குப் போனனான், பெரிய வேலையெல்லாம் இல்ல, தண்ணி ஊத்துறது, காஞ்ச இலை கிள்ளுறது, சேத்தக் கழுவுறது. ரோயல் ஹோட்டிகல்ச்சரல் சொசைட்டி எண்ட தோட்டக்கலைச் சங்கம் 1913இல இருந்து அந்த செல்சி மைதானத்தில நடத்துது, எங்கட பாலமீன்மடு வெளிச்சவீடு கட்டினதும் அதே 1913தான், அது எனக்கு எப்பவும் ஒரு சிரிப்பு.

முதல்ல சொல்லவேண்டியது, அங்க ஒருத்தரும் கண்டு நட்டு வளக்கிறதில்ல. கண்ட சட்டியோட அப்படியே குழிக்குள்ள இறக்கி, சட்டி வாய் தெரியாம மேல மண்ணோ மரப்பட்டைத் தூளோ போட்டு மூடுறதுதான் கனபேர். அந்தக் கிழமையில பூக்கணுமெண்டு சிலத குளிர் அறையில வச்சு பிந்தவைப்பாங்க, சிலத கண்ணாடி வீட்டுக்குள்ள வச்சு முந்தவைப்பாங்க. நீங்க தும்புத்தூளால சட்டிய மூடிடலாம், அது எங்கட ஊர்ல மலிவுதானே.

ரெண்டாவது, பெரிய தோட்டக்காரர் எல்லாரும் "இந்தத் தோட்டம் ஆருக்கு, எதுக்கு" எண்டு ஒரு சின்ன விவரம் முதலே எழுதிக் குடுக்கணும், நடுவர்மார் அதக் கையில வச்சிக்கொண்டுதான் பாப்பாங்க, நீ சொன்னத நீ செஞ்சிரிக்கியா எண்டு. நுவரெலியாவில அப்படிக் கேக்காட்டியும் நீங்களும் அண்ணாவும் ஒரு தாளில அஞ்சு வரி எழுதிப்பாருங்க. 14 சிலை ஏன் எண்டதுக்கு ஒரு வரி எழுத வருதா பாருங்க. எனக்கெண்டா வராது.

சிலை விசயத்தில அங்க சரியான கறார். தோட்டத்தில வைக்கிற குள்ளன் பொம்மை இரிக்கே, தொப்பி போட்டு தாடி வச்சது, அதுக்கு கண்காட்சியில தடை, நூறு வருசக் கொண்டாட்டமெண்டு 2013இல ஒருக்கா விட்டாங்க. உங்கட பிளாஸ்ரிக் மான அங்க கொண்டு போனா வாசலோட திரும்பவேண்டியதுதான்.

இன்னொண்டு. கோர்ன்வோல் பக்கம் சென்ற் ஐவ்ஸ் எண்டு ஒரு கடற்கரை ஊர், பார்பரா ஹெப்வர்த் எண்ட சிற்பி 1949இல இருந்து 1975இல சாகும் வரைக்கும் அங்கதான் வேலை செஞ்சவ, அவட வீடும் தோட்டமும் இப்ப மியூசியம். நான் ஒருக்கா போனன். அவட கனக்க சிலையில நடுவால பெரிய ஓட்டை இரிக்கும், அந்த ஓட்டையால அங்கால நிக்கிற இலையும் வானமும் தெரியும். சிலை எங்க முடிஞ்சு தோட்டம் எங்க தொடங்குது எண்டு விளங்காது. வீட்டுக்கு வந்து யோசிச்சன், எங்கட ஊர் வலை வீசுற ஆளும் அதுதானே, வலை முழுக்க ஓட்டைதானே. அண்ணாட ஆளுக்கு வலை சீமெந்தில இரிக்கா கம்பியிலயா?

காத்தான்குடி ஹாட்வெயார் நானா

தங்கச்சி, நான் பூப்பக்கம் ஒண்டும் கதைக்கமாட்டன், பாரத்தப் பத்திச் சொல்றன். ஒரு கன அடி கொங்கிறீற் கிட்டத்தட்ட 68 கிலோ. உங்கட குடப்பொம்புள உள்ளுக்கும் சீமெந்தெண்டா அஞ்சு கன அடிக்கு குறையாது, அப்ப 340 கிலோ. தட்டிப்பாருங்க, டொக் டொக் எண்டா உள்ள வெறும், டப் எண்டு செத்த சத்தம் வந்தா முழுசும் சீமெந்து. கோயில் வேலைக்காரர் கனபேர் உள்ள செங்கல்லும் போடுவாங்க, மேல நிக்கிற சிலை ஒரு நாளும் இறங்காதெண்டு. இறங்கிறதெண்டு நினைச்சு செய்யாத சிலைய இறக்கிறதுதான் மலைப்பாதையில பயம்.

அந்த 340 கிலோ ஒரு அடிச் சதுரப் பீடத்தில நிண்டா, பின்னேர மழைக்கு ஊறின புல்லுத்தரையில ராவோட ராவா ஒரு பக்கம் தாழும், வெள்ளன போய்ப் பாத்தா பொம்புள குடத்தோட சரிஞ்சு நிப்பா. ரெண்டடிக்கு ரெண்டடி கொங்கிறீற் பலகை ஒண்டு கீழ வச்சா அதே பாரம் நாலு சதுர அடிக்கு பிரிஞ்சு 85 கிலோவா போகும். புல்ல வெட்டி, மணல் ரெண்டு இஞ்சி தட்டி, மட்டம் பாத்து, அதுக்கு மேல பலகை. மணல் மட்டும் அங்க எடுங்க, இஞ்ச இருந்து கொண்டு போக வேணாம்.

மணல் எண்டதும் ஞாபகம் வந்த இன்னொரு கதை. எங்கட பக்கம் கனபேர் கடக்கரை மணல் எடுத்துப் பூசுவாங்க, காசு மிச்சமெண்டு. அதில இரிக்கிற உப்பு உள்ள கம்பியத் திண்டிடும், துரு ஊதும், ஊதினா சீமெந்து வெடிக்கும். கொக்கின்ட காலப் பாருங்க, மெல்லிசான இடத்திலதான் முதல்ல காட்டும். மஞ்சக்கோடு மாதிரி ஒரு வெடிப்பு ஓடுதெண்டா அத மலைக்கு கொண்டு போகாதீங்க.

அந்த வெள்ளை படிஞ்சது பெரிய விசயமில்ல, சுண்ணாம்பும் உப்பும் தண்ணியோட வெளிய வந்து காயுறதுதான். தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கழுவக் கழுவ திரும்ப வரும். நல்லாக் காஞ்ச நாளில தும்புப் பிரசால தேய்ச்சு தட்டுங்க, மிச்சத்துக்கு வினாகிரிய தண்ணியில கலந்து துடைச்சுப்போட்டு நல்ல தண்ணியால ஒருக்கா அலசிக் காயவிடுங்க. பெயின்ற் அடிக்கிறன் எண்டு ஆராச்சும் சொன்னா துரத்துங்க. பளபளக்கிற எனாமல் அடிச்ச சிலை எல்லாம் ரவுண்டபோட்ல நிக்கிறமாதிரியே தெரியும். பழசாக் காட்டணுமெண்டா விவசாயக் கடையில பெரஸ் சல்பேற் கேளுங்க, தண்ணியில கரைச்சு தெளிச்சா சீமெந்து துருப்பிடிச்ச மண்ணிறமாகும், முதல்ல உடைஞ்ச துண்டொண்டில பரீட்சை பாருங்க. கைக்கு கிளவுஸ்.

குளம் சீமெந்தில புதுசாக் கட்டினா அல்லி கருகும். புதுச் சீமெந்துத் தண்ணி கடும் காரம், மீன் விட்டா மிதக்கும். அங்க போய் கட்டாதீங்க, கறுப்பு பிளாஸ்ரிக் தொட்டி ஒண்ட மண்ணுக்குள்ள தாட்டு, ஓரத்துக்கு கல் அடுக்குங்க, அதிலயே முடிஞ்சு. இனி செய்யிற சிலை ஏதும் இரிந்தா ஒரு கிழமைக்காவது நனைஞ்ச சாக்கு மூடி வைக்கச் சொல்லுங்க, 28 நாள் ஆகாம லொறியில ஏத்தக்குடா. இப்பவே கணக்குப் பாத்து மாசிக்குள்ள கடைசிச் சீமெந்த முடிங்க.

களுதாவளை பூக்கண்டு

நானா மெத்தப் பெரிய உபகாரம், உங்கட எழுத்த அப்படியே அண்ணாட்ட வாசிச்சுக் காட்டினன். தட்டிப்பாத்தம். குடப்பொம்புள டப் எண்டுதான் சத்தம். செங்கல் போட்டனீங்களா எண்டு கேட்டன், "அதெல்லாம் உனக்கென்னத்துக்கு" எண்டுட்டு அங்கால போயிட்டார், அப்ப போட்டிரிக்கார். கொக்கு ஒண்டில மஞ்சக்கோடு இரிக்கி. அப்ப 13.

கல்லடி அக்கா, வலை சீமெந்துதான், கம்பி வலைக்கு மேல பூசி மெழுகி ஒரு விரிச்ச குடை மாதிரி இரிக்கி. நீங்க சொன்னத சொன்னன், ஓட்டையா விட்டா ஆக்கள் வேலை முடியல்ல எண்டு நினைப்பாங்களாம்.

ரிட்டயர்ட் சித்திர வாத்தி

மகள், நான் 30 வருசம் சித்திரம் படிப்பிச்ச ஆள், உங்கட ஊர்ப் பக்கமும் இரிந்தனான், அந்தத் தம்பி ஆரெண்டு எனக்கு ஒரு ஊகம் இரிக்கி, சொல்லமாட்டன்.

ஒரு விசயம் ஆரும் சொல்லல்ல. கோபுரத்துக்கு செய்யிற ஆள் 40, 50 அடிக்குக் கீழ நிண்டு பாக்கிற கண்ணுக்கு செய்யிறவர். கீழ நிண்டு பாக்கக்குள்ள மேல இரிக்கிற தலை சிறுத்துத் தெரியும், அதால தலையையும் நெஞ்சையும் ஒள்ளுப்பம் பெருப்பிச்சு, முகத்த முன்னுக்கு சரிச்சுத்தான் வைப்பாங்க. அது பிழையில்ல, அது வித்தை. ஆனா அதே கை பழக்கத்தில செஞ்சத புல்லுத்தரையில கண்ணுக்கு நேர வச்சா, தலை பெருத்த பிள்ளை கீழ எதையோ தேடுறமாதிரி இரிக்கும். நீங்க கிணத்தடியில நிண்டு பாக்கக்குள்ள இது தெரியாது, பழகின கண். ஒவ்வொண்டையும் ரெண்டு உயரத்தில போட்டோ எடுத்துப் பாருங்க, ஒருக்கா நிலத்தில, ஒருக்கா மதில் மேல வச்சு கீழ இரிந்து. மதில் மேல வடிவா இரிக்கிறத அங்கயும் உயத்தி வைங்க, பனங்குத்தி ஒண்டு போதும். நிலத்திலயும் வடிவா இரிக்கிறது எதுவோ அதுதான் தோட்டத்துச் சிலை. முதலை தப்பிடும் எண்டு நினைக்கிறன், முதலைக்கு நிலம்தான்.

எத்தனை கொண்டு போறது எண்டதுக்கு என்ட கணக்கு மூண்டு. 300 சதுர அடியில ஆக்கள் நடக்கப் பாதை விட்டா, குளத்துக்கு விட்டா, பூவுக்கு என்ன மிஞ்சும்? 14 வச்சா அது தோட்டமில்ல, சிலைக்கடை. சிற்பி லக்கி சேனநாயக்க தம்புள்ளைக்குக் கிட்ட தியபுபுலவில இரிந்த இடத்தப் பாத்திரிக்கீங்களா, காடும் தண்ணியும்தான் முதல்ல தெரியும், கொஞ்ச நேரம் நிண்டாத்தான் அங்க ஒண்டு இஞ்ச ஒண்டு சிலை தெரியத் தொடங்கும். அந்த மனிசன் 2021இல போயிட்டார். கந்தளம ஹோட்டல் படிக்கட்டில நிக்கிற பெரிய ஆந்தையும் அவர் செஞ்சதுதான், அந்த ஆந்தை ஒண்டுதான், பக்கத்தில இன்னும் அஞ்சு ஆந்தை இல்ல.

கண்ணகி அம்மன தயவுசெஞ்சு கொண்டு போகாதீங்க. வைகாசியில அம்மனுக்கு குளிர்த்தி பாடுற ஊர் நாங்க, அங்க செருப்போட வந்து தோளில கை போட்டு செல்பி எடுக்கிறத பாத்துக்கொண்டு நிக்கேலுமா? பாடுமீன் கன்னியும் வேணாம், மட்டக்களப்பெண்டா பாடுமீன், அந்த உருவத்த பாத்துப் பாத்து எனக்கே அலுத்திட்டு.

திருக்கோவில் லொறி

சேர் சொன்னது சரி, குறைச்சாத்தான் ஏத்தலாம். பட்டா எண்ட சின்ன லொறியில ஏத்தலாமெண்டு கனவு காணாதீங்க, அது ஒரு டொன்னுக்கு கீழதான், ஏத்தத்தில திணறும். எல்ஃப் லொறி ஒண்டு பிடிங்க.

பாதை சொல்றன். செங்கலடியில ஏறினா ஒரே ரோட்டுத்தான், மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, ஹக்கலை, நுவரெலியா, எல்லாம் ஏ5. மகியங்கனையால போய் கண்டியப் பிடிச்சா 18 வளைவு ஏறணும், பாரத்தோட நான் ஏறமாட்டன். மகாஓயாப் பக்கம் ராவில யானை, அதால விடியத்தான் வெளிக்கிடுறது. பிபிலை வரைக்கும் சுகம், லுணுகலையில இருந்து பதுளை மட்டும் வளைவு, அதிலதான் சாமான் ஆடும்.

நான் ஒருக்கா மண்சட்டி, மண்குதிரை எல்லாம் ஏத்திக்கொண்டு போனன், ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு, நிப்பாட்டி வச்சுக் கயிறு கட்டினதால பசறையில இறங்கிப் பாத்தா குதிரைக்குக் கால் நாலும் இல்ல. அண்டைக்குத்தான் படிச்சன். நீளமான சிலைய படுக்கவைங்க, ஆனா ரெண்டு மரக்கட்டையில தூக்கி வைக்கக்குடா, நடுவால முறியும், தலையில இருந்து கால் வரைக்கும் கீழ முட்டுக் குடுக்கணும். பழைய ரயர், அதுக்கு மேல வைக்கல். பங்குனியில பெரும்போக வைக்கல் நம்மட பக்கம் சும்மா கிடக்கும், ரெண்டு மடங்கா கேட்டு எடுங்க. கை, குடம், வலை, இப்படி வெளிய நீட்டிக்கொண்டு இரிக்கிறது எல்லாத்துக்கும் தனித்தனியா சாக்குச் சுத்துங்க.

இன்னொண்டு, சித்திரைப் புதுவருசத்துக்கு முதல் நாலு நாள் லொறியும் இல்ல சாரதியும் இல்ல, இரிந்தாலும் கேக்கிற காசு வேற. இப்பவே ஆளப் பேசி முற்பணம் குடுங்க. அங்க அறை வாடகையக் கேட்டா மயக்கம் வரும், ஏப்ரல்தானே, தெரிஞ்ச ஆக்கள் வீடு பாருங்க.

ஹக்கலை நாத்துமேடை

அக்கா வணக்கம், நான் ஹக்கலை பக்கத்து ஆளு, நாத்துமேடையில வேலை செய்றேன். உங்க ஊரு பூக்கண்டு எதுவும் இங்க ஏத்திட்டு வராதீங்க. நீங்க கடல் மட்டத்துல இருக்கீங்க, நுவரெலியா 1868 மீட்டர், ஏப்ரல்ல பகல்ல வெயில் அடிச்சாலும் ராத்திரி 12, 13 டிகிரிக்கு எறங்கிரும். செவ்வரத்தை மொட்டு ரெண்டே நாள்ல கொட்டும், குரோட்டன் எலை தொங்கும். போற வழியில காத்து அடிச்சே பாதி காஞ்சிரும், அது வேற. அல்லியும் அந்தக் குளிர்ல பூ விரிக்காதுங்க, குளத்துக்கு ஆசைப்பட்டு கேட்டீங்க, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. குளத்தோரத்துக்கு கல்லா லில்லி போடுங்க, வெள்ளையா நிக்கும், இங்க ஓடைக்கரையெல்லாம் அதுதான்.

மத்தது ஹைட்ரேஞ்சியா, பிகோனியா, பியூஷியா, பெரணி, எல்லாம் இங்கயே நாத்துமேடைல சட்டியோட வாடகைக்கு பேசலாம், முடிஞ்சதும் திருப்பிக் குடுக்குற மாதிரி. ஆனா மார்ச் மொதலே சொல்லி வைக்கணும், ஏப்ரல்ல வந்து கேட்டா ஓட்டல்காரங்க எல்லாத்தையும் அள்ளியிருப்பாங்க. நீலப்பூ வேணும்னா நீலம்னு சொல்லிருங்க. எங்க மண்ணு புளிச்ச மண்ணு, தேயிலைக்கு புடிச்சது, அதனாலதான் ஹைட்ரேஞ்சியா இங்க நீலமா வருது, சுண்ணாம்பு மண்ணுல அதே செடி ரோஸ் கலராயிரும். சிலைலேர்ந்து வழியிற சுண்ணாம்புத் தண்ணி நாலஞ்சு நாள்ல ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க, ஆனா அசேலியா சட்டிய சிலைக்கு ஒட்டி வைக்க வேணாம்.

பாசி புடிக்க வைக்கணும்னா இங்க நாங்க செய்றது, அரிசி களைஞ்ச தண்ணியில தயிரக் கரைச்சு அதுல ஓடைப் பாசிய பிச்சுப் போட்டுக் கலக்கி சீமெந்துல தடவுவோம். நெழலும் ஈரமும் வேணும், மாசக்கணக்கு ஆகும். தயிருக்கு ஒங்க ஊர விட்டா வேற எங்க. கெணத்தடில வடக்குப் பக்கமா வச்சு இப்பவே தடவுங்க, சித்திரைக்கு கொஞ்சமாவது பச்ச காட்டும். காட்டலன்னா நான் இங்கேருந்து பாசித்தட்டு வெட்டித் தாறேன், மேல வச்சு அழுத்திரலாம், யாருக்கும் தெரியாது.

பின்னேரம் மழை கண்டிப்பா உண்டு. மதியம் 2 மணிக்கு மேல பாக்க வர்றவங்க குடையோடதான் நிப்பாங்க, அதனால பாதைய நாலடிக்கு கொறைக்காதீங்க.

களுதாவளை பூக்கண்டு

எல்லாருக்கும் நன்றி, ஒரு கிழமையா மறுமொழி போட நேரமில்ல, இஞ்ச விடாத மழை. அல்லியில்லாட்டி குளம் எதுக்கெண்டு ரெண்டு நாள் எனக்கு கோவம், இப்ப சரி.

வாத்தியார் சொன்னமாதிரி எல்லாத்தையும் போட்டோ எடுத்தம். குடப்பொம்புளைட தலை, ஐயோ, அதப் பாத்த மறுகா எனக்கு வேற ஒண்டும் தெரியல்ல. மதில் மேல வச்ச கொக்கு வடிவு. முதலை நீங்க சொன்னமாதிரியே தப்பிட்டு. பிறகு வளவுக்குள்ள கயிறு பிடிச்சு 20க்கு 15 அடிச்சு, சிலை நிக்கிற இடத்தில எல்லாம் சீமெந்துச் சாக்கு நிறைய மண் போட்டு நிப்பாட்டினம், 13 சாக்கு. அண்ணா அதுக்குள்ள பூந்து நடந்து பாத்தார். நாலாவது சாக்கில கால் தடக்கினார், ஒண்டும் சொல்லல்ல, கண்ணகி சாக்கத் தானே தூக்கி வெளிய வச்சார். பிறகு மீன் சாக்கு ஆறையும் நான் எடுத்தன், அதுக்கு மட்டும் முறைச்சார்.

இப்ப நான் எழுத வந்தது வேற விசயம். போட்டோ எடுக்கக்குள்ள கிணத்துக்கு பின்னால ஒரு எருமை கண்டன். அவர் ரெண்டு வருசத்துக்கு முதல் கம்பி கட்டி, கோழிக்கூட்டு வலை சுத்தி, சீமெந்து பூசக் காசில்லாம அப்படியே விட்டது. அதுக்குள்ளால கோவைக்கொடி ஏறி முதுகு முழுக்க மூடி, வயித்துப்பக்கம் மட்டும் வலை தெரியுது, உள்ள ஒரு செண்பகம் கூடு கட்டினமாதிரி காஞ்ச புல்லெல்லாம் இரிக்கி. முழு உருவம், படுத்திரிக்கிற எருமை, வாவிக்குள்ள தாண்டு கிடக்கிறமாதிரி. கல்லடி அக்கா சொன்ன ஓட்டைதான், அங்கால வாழைமரம் தெரியுது. நான் ஒரு மணித்தியாலம் அதச் சுத்திச் சுத்தி நிண்டன்.

இதத்தான் நடுவில வைக்கணுமெண்டு சொன்னதுக்கு வந்தது பாருங்க சண்டை. முடியாத வேலைய நாலு பேருக்கு முன்னால காட்டுறது தொழிலுக்கு மரியாதையில்லையாம், நாளைக்கு கோயில் தர்மகர்த்தா கேள்விப்பட்டா என்ன நினைப்பார் எண்டு கேக்கார். ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல. மூண்டாம் நாள் அவரே வந்து ஒரு பேரம். தலையும் கொம்பும் மட்டும் சீமெந்து, கண், மூக்கு, காதில இரிக்கிற மயிர் வரைக்கும் தன்ட கையால முடிச்சுத் தருவாராம், உடம்பு கொடியோட அப்படியே. எனக்கு சரியெண்டு பட்டுது, உங்களுக்கு எப்படி? கோவைக்கொடி அங்க நிக்குமா? தலை மட்டும் பாரமா இரிந்தா வலை உடம்பு முன்னுக்கு குத்தாதா?

லண்டன்ல ஒரு கல்லடிக்காரி

ஐயோ கொண்டு போங்க கா. எருமை, முதலை, மதில்ல நிண்ட கொக்கு, மூண்டும் தண்ணியோரத்துச் சாமான், பூ முழுக்க பச்சையும் வெள்ளையும் நீலமும் மட்டும் போடுங்க, சிவப்பு மஞ்சளெல்லாம் பக்கத்துத் தோட்டக்காரர் போடுவாங்க. அந்த அஞ்சு வரி இப்ப எழுதிப் பாருங்க, வரும். மிச்சச் சிலைய போட்டோ எடுத்து ஒரு தாளில அச்சடிச்சு வைங்க, வாங்கிற ஆக்கள் கேக்கட்டும். செல்சியில கடைசி நாள் பின்னேரம் 4 மணிக்கு மணி அடிச்ச உடனே கண்டுகள விப்பாங்க, சனம் ஆளுயரப் பூச்செடியக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ரயில்ல ஏறும், அண்ணாட மீனுக்கும் அப்படி ஒரு நாள் வரும் எண்டு சொல்லுங்க, முறைக்கிறத நிப்பாட்டுவார்.

ஹக்கலை நாத்துமேடை

கோவைக்கொடி அங்கேருந்து வர்றதுக்குள்ள காத்துல வாடிரும், லொறில பச்ச வலை நல்லா இறுக்கிப் போத்துங்க, வேரு சட்டில இருந்தா ஒரு வாரம் தாக்குப்புடிக்கும். இப்பவே வேரோட பேத்து மூணு சட்டில மாத்துங்க, கடைசி நேரத்துல பேத்தா செத்துரும். வாடினா நான் துன்பேர்ஜியா கொடி நாலு சட்டி தர்றேன், மஞ்சப்பூவுல கறுத்த கண்ணு மாதிரி இருக்கும், இங்க வேலி பூரா அதுதான். லண்டன் அக்கா மஞ்ச வேணாம்னுட்டாங்க, பூவக் கிள்ளிட்டு எலைய மட்டும் சுத்திக்கலாம்.

காத்தான்குடி ஹாட்வெயார் நானா

குத்தும் தங்கச்சி, கட்டாயம் குத்தும். தலையும் கொம்பும் சேந்து அரைக் கன அடி வந்தாலே 34 கிலோ, அது உடம்புக்கு வெளிய நீட்டிக்கொண்டு இரிக்கி. ரெண்டு வேலை செய்ங்க. தலைக்குள்ள ரெஜிபோம் (சாமான் பெட்டிக்குள்ள வாற வெள்ளை நுரை) கட்டி ஒண்ட வச்சு அதுக்கு மேல ஒரு இஞ்சிக்கு மட்டும் பூசச் சொல்லுங்க, பாதிப் பாரம் போயிடும், வெளிய ஆருக்கும் விளங்காது. பின்கால் மடிஞ்சு இரிக்கிற இடத்தில ரெண்டு பக்கமும் பெயின்ற் டின் அளவு கொங்கிறீற் ஊத்தி கம்பியோட கட்டுங்க, கொடி மூடிடும். கழுத்த கழட்டுறமாதிரி செஞ்சா இன்னும் நல்லம், உடம்புக்குள்ள ரெண்டு இஞ்சி ஜிஐ இரும்புப் பைப், தலையில அதுக்குப் போடுற ஒண்டரை இஞ்சிப் பைப், சொருகி ஒரு போல்ற். லொறியில தலை தனி, உடம்பு தனி. தலைய சாரதிக்குப் பக்கத்து சீற்ல வச்சே கொண்டு போகலாம், பெல்ற் போட்டு.

பைப்பும் போல்றும் என்ட கடையில இரிக்கி, அளவ அனுப்புங்க. முதலைய இறக்க செயின் புளொக் (பாரம் தூக்கிற சங்கிலிக் கப்பி) வேணுமெண்டாலும் தாறன், ஆனா சித்திரை முடிய திருப்பித் தந்திடணும், போன முறை இரவல் குடுத்தது எட்டு மாசமா வரல்ல.

களுதாவளை பூக்கண்டு

நானா, கழுத்துச் சுத்தளவு 31 இஞ்சி, உடம்புப் பக்கம் உள்ள 9 இஞ்சி ஆழம் விடலாமெண்டு அண்ணா சொல்றார். பைப் ரெண்டும் எடுத்து வைங்க, வெள்ளிக்கிழமை உங்கட கடை பூட்டுத்தானே, சனிக்கிழமை வாறன். ரெஜிபோம் எண்டதுக்கு மட்டும் மூஞ்சிய நீட்டிரிக்கார், வைக்கலத் திணிச்சு செய்யலாமா எண்டு கேக்கார். உக்குமா அது?

காத்தான்குடி ஹாட்வெயார் நானா

உக்கும், ஆனா சீமெந்து இறுகின மறுகாதானே உக்கும், உள்ள வெறும் ஆனா நமக்கு நல்லம்தானே. ஈரம் போக தாடைக்குக் கீழ ஒரு விரல் அளவு ஓட்டை விடச் சொல்லுங்க. சனிக்கிழமை லுஹர் தொழுகைக்கு முதல் வாங்க.